ஒரு கிலோ உப்பின் எடைக்குக் கணக்கு

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழக அரசின் உப்பு நிறுவனத்துக்கு உப்பளம் இருக்கிறது. அங்கே பாத்தியில் விளையும் உப்பில் ஒரு கிலோவை எடுத்துக்கொண்டு, அந்த எடை எதிலிருந்து வருகிறது என்று கேட்டால், பலரும் ஹிக்ஸ் துகளைத்தான் சொல்வார்கள். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் 2012 ஜூலை 4 அன்று அந்தத் துகளை அறிவித்ததிலிருந்து, பொருளுக்கெல்லாம் நிறை தருவது ஹிக்ஸ்தான் என்ற பேச்சு ஊன்றிவிட்டது. உப்பைப் பிரித்துக் கணக்குப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

சோடியம் அணுவில் 11 புரோட்டான், 12 நியூட்ரான், 11 எலெக்ட்ரான். குளோரினில் 17 புரோட்டானும் 17 எலெக்ட்ரானும், கூடவே 18 அல்லது 20 நியூட்ரானும். இவற்றின் நிறையை இயற்பியலார் மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகில் சொல்கிறார்கள். எலெக்ட்ரான் 0.511, புரோட்டான் 938.27, நியூட்ரான் 939.57. ஆகவே ஒரு கிலோ உப்பிலுள்ள எலெக்ட்ரான்கள் அத்தனையும் சேர்ந்து கால் கிராம்தான். புரோட்டானுக்குள் இரண்டு 'அப்' குவார்க், ஒரு 'டவுன்' குவார்க். ஹிக்ஸ் துகளோடு இணைந்த ஹிக்ஸ் புலத்தால் அவை பெறும் நிறை முறையே ஏறக்குறைய 2.2, 4.7, மூன்றையும் கூட்டினால் 9 சொச்சம். மீதி 929, உள்ளே அடைபட்டு ஓடும் குவார்க்குகளின் ஆற்றலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும். ஆற்றலுக்கும் நிறை உண்டு என்று ஐன்ஸ்டைன் 1905-இலேயே காட்டிவிட்டார். நியூட்ரானில் 'அப்' ஒன்று, 'டவுன்' இரண்டு; அதையும் எலெக்ட்ரானையும் சேர்த்தால், இந்தக் கணக்குப்படி கிலோ உப்பில் ஹிக்ஸின் நேரடிப் பங்கு சுமார் 11 கிராம்.

குவார்க்கைத் தனியே பிரித்து யாரும் நிறுத்ததில்லையே, அந்த எண்களை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. குவார்க்கின் நிறை கோட்பாட்டின் வழியே பெறப்படுவது. பார்க்கும் ஆற்றல் அளவுக்கேற்ப அது மாறும். ஆனால் 2008-இல் ஐரோப்பியக் குழு ஒன்று, வேறு சில துகள்களின் நிறையை மட்டும் உள்ளிட்டு, சூப்பர் கம்ப்யூட்டரில் புரோட்டான், நியூட்ரானின் நிறையைக் கணக்கிட்டது. விடை சோதனை அளவோடு சில சதவீதப் பிழைக்குள் பொருந்தியது. குவார்க் நிறையைச் சுழியாக வைத்தாலும் புரோட்டான் நிறையில் பெரும்பகுதி குறையாது என்பதையும் இத்தகைய கணக்குகள் காட்டுகின்றன.

அப்படியானால் ஹிக்ஸ் தேவையில்லையா? தேவைதான். எலெக்ட்ரானுக்கு நிறை இல்லாவிட்டால் அணு உருவாகாது. உப்புக் கல்லும் இருக்காது. 'டவுன்' குவார்க் 'அப்'பைவிடக் கனமாக இருப்பதால்தான் நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றே கனம். இது தலைகீழானால் ஹைட்ரஜனின் புரோட்டான் நியூட்ரானாகச் சிதைந்துவிடும்; பிறகு தண்ணீர் ஏது, கடல் ஏது? ஆகவே, ஹிக்ஸ் புலம் எல்லாப் பொருளுக்கும் எடை தருகிறது என்று எழுதுவதைவிட, எலெக்ட்ரான், குவார்க் போன்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை தருகிறது என்று பாடநூல்கள் எழுதுவதே சரி.