மேய்ச்சலும் மந்தையும் – 6: பச்சைப் புல்லின் விலை

ஏக்கருக்கு எத்தனை மாடு என்ற கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கணக்கு சரியாக இருந்தும் மந்தை தேறாமல் போவதுண்டு. அமெரிக்காவில் மிசௌரி முதல் வர்ஜீனியா வரை, இறைச்சிக்காகக் கன்று வளர்ப்போர் பல பத்தாண்டுகளாகக் கண்டுவருவது இதைத்தான். அங்கே புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கோடையில் பசுக்கள் மேயாமல் குட்டைத் தண்ணீரில் வயிறு நனைய நிற்கின்றன. குளிர்காலத்து முரட்டு ரோமம் வெயில் வந்த பிறகும் உதிர்வதில்லை. குளிரில் சில மாடுகள் குளம்புக்கு மேலே தோல் வெடித்து நொண்டுகின்றன. வால்நுனி செத்து விழுகிறது. இவை கண்ணுக்குத் தெரிகிற கேடுகள். பெரிய கேடு, சினை பிடிக்காமல் நின்றுபோகும் பசு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 82 நாளுக்குள் அது மறுபடி சினையாக வேண்டும். பால் சுரப்பு உச்சத்தைத் தொடுவதும் அதே நாட்களில்தான். தீவனத்தில் குறை இருந்தால் பசுவின் உடம்பு முதலில் கைவிடுவது அடுத்த சினையை. அதனால் கன்று ஈனும் மந்தைக்கு மேய்ச்சல் நிலத்தின் தரத்தை அளக்கும் கோல், அடுத்த சினைதான் என்கிறேன்.

இந்தக் கோலை வைத்து அளந்தால் தோற்றுப்போகும் புல், அந்த அமெரிக்க மேய்ச்சல் நிலங்களை நிறைத்திருக்கும் டால் ஃபெஸ்க்யூ. 1931-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபெர்கஸ், மெனிஃபி மாவட்டத்து மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் இதைப் பார்த்து விதை வாங்கிவந்தார். 1943-இல் ‘கென்டக்கி 31’ என்ற பெயரில் ரகமாக வெளியானது. வறட்சி, பூச்சி, மாட்டின் மிதி எதற்கும் சாகாது; இன்று ஏறத்தாழ 3.5 கோடி ஏக்கரில் நிற்கிறது. மாடு ஏன் தேறவில்லை என்பது 1970-களின் பிற்பகுதியில் ஜார்ஜியாவில்தான் துலங்கியது. புல்லின் உயிரணுக்களுக்கு இடையே நூல்போல ஒரு பூஞ்சை ஓடுகிறது. வெளியே புள்ளியோ பொடியோ தெரியாது, நுண்ணோக்கியில்தான் சிக்கும். காற்றில் பரவாது, விதைவழியே மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். நம் கம்புக் கதிரில் தேனொழுகல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சைக்கு இது உறவு. இது சுரக்கும் எர்கோவலைன் என்ற நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உடல் சூட்டை வெளியேற்ற முடியாமல் மாடு தண்ணீரைத் தேடுகிறது. பால் சுரக்கத் தேவையான புரோலாக்டின் குறைகிறது. கன்று எடை குறைந்தே தாயைப் பிரிகிறது. இதனால் அமெரிக்க மாட்டுத் தொழிலுக்கு ஆண்டுக்கு 60 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று 1993-இல் வேளாண் ஆய்வாளர் ஹோவ்லாண்ட் மதிப்பிட்டார்.

பூஞ்சை இல்லாத விதையைப் போட்டால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். 1980-களில் அதைத்தான் செய்தார்கள். மாடு தேறியது, புல் செத்தது. பூஞ்சைதான் புல்லுக்கு வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் வலுவைக் கொடுத்திருந்தது. பழைய புல்லே போதும் என்போரின் வலுவான வாதம் இது. மண்ணரிப்பு மிகுந்த சரிவுகளை இந்தப் புல் கட்டிக்காத்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம் 2000-த்தோடு வலுவிழந்துவிட்டது. மாட்டுக்குத் தீங்கான நஞ்சைச் சுரக்காமல் புல்லை மட்டும் காக்கும் பூஞ்சை வகையை நியூசிலாந்து ஆய்வாளர்களும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து புல்லில் ஏற்றி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். புல்லின் உயிரா, மாட்டின் சினையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை.

மிஞ்சுவது செலவு. பழைய புல்லை மருந்தடித்துக் கொன்று, கோடையில் கம்பு போன்ற பயிரை அடர்த்தியாக விதைத்து, மீறி முளைக்கும் பழைய புல்லை அமுக்கி, மறுபடி மருந்தடித்து, இலையுதிர்காலத்தில் புது விதை போட வேண்டும். புது விதைக்கு விலை கூடுதல். அந்த வயலில் ஒரு பருவத்து மேய்ச்சலும் போகும். சிறு பண்ணைக்கு இது பாரம்தான். அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இருக்கிற புல்லுக்குள் க்ளோவர் என்ற பயறுக் குலத் தீவனத்தைத் தூவி, அது கால்பங்குக்கு வரும்படி செய்தால் மாடு தின்னும் நஞ்சின் அளவு குறையும், புரதம் கூடும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தைக் கொட்டுவதோ நஞ்சைக் கூட்டும். பச்சை ஏறக் கண்டு மகிழ்ந்தவர்கள் பலர் இதில்தான் ஏமாந்தார்கள். கதிரில் நஞ்சு மிகுதி என்பதால், கதிர் தள்ளும் முன் மேய்த்தோ வெட்டியோ விட வேண்டும். ஈற்றை இலையுதிர்காலத்துக்கு மாற்றினால், நஞ்சு குறைந்த குளிர்காலத்தில் பசு காளையைச் சேரும்.

எல்லா வயலையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. பசுக்கள் காளையோடு மேயும் அந்த இரண்டு மாதங்களுக்குப் போதுமான நிலத்தை முதலில் மாற்றுங்கள். மலைச்சரிவுகளில் பழைய புல் அப்படியே இருக்கட்டும். அங்கே எந்த மாட்டை, எந்த மாதத்தில் விடுவது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இலையுதிர்காலச் சினைப் பரிசோதனையில் சினையில்லாத பசுக்களை எண்ணி, அவை எந்த வயலில் மேய்ந்தவை என்று குறித்துவையுங்கள். அடுத்து மாற்ற வேண்டிய வயல் அதுதான்.

(தொடரும்)