செய்மதி காட்டும் வழியும் இறுதி ஐந்து மீற்றரும்

புதையல் தேடுதல் என்பது எமது நாட்டில் நற்பெயர் பெற்ற காரியமல்ல. புராதன இடங்களை இரவோடு இரவாகத் தோண்டியவர்கள் கருவிகளுடன் கைதான செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். ஆனால் மண்ணைத் தோண்டாமலும், பிறர் உடைமையைத் தொடாமலும் தேடப்படும் புதையல் ஒன்றும் உலகில் உண்டு. ஜியோகாஷிங் என அழைக்கப்படும் இவ்விளையாட்டில் ஒருவர் சிறு பெட்டியொன்றை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவிக்கின்றார். மற்றையோர் கையடக்க ஜி.பி.எஸ். கருவியின் துணையுடன் அதனைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகின்றனர்.

இதன் பிறப்புக்கு ஓர் அரசியல் முடிவே காரணமாயிற்று. ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தமையால், கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை விலகியிருக்கும். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவின்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. அடுத்த ஓரிரு நாட்களிலேயே, மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து அதன் அமைவிடத்தை அறிவித்தார். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. இலங்கையிலும் உண்டு, ஆயினும் ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிடுகையில் அவை மிகச் சிலவே.

கருவி எவ்வாறு இயங்குகின்றது? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜி.பி.எஸ். செய்மதிகள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகின்றது. அச்சமிக்ஞை வந்தடைய எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கின்றது. மூன்று செய்மதிகள் இடத்தைச் சொல்லப் போதுமானவை போலத் தோன்றினும், நான்காவதும் அவசியமாகும். ஏனெனில் எமது கையிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்த அதுவே உதவுகின்றது. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும்.

கற்க விரும்புவோர் முதலில் இலக்கங்களை வாசிக்கப் பழக வேண்டும். வெள்ளவத்தை வடக்கு அகலக்கோடு 6 பாகை 52 கலையளவிலும், கொட்டாஞ்சேனை 6 பாகை 57 கலைக்குச் சற்றுக் குறைவாகவும் அமைந்துள்ளன. இரண்டினதும் நெடுங்கோடு கிழக்கு 79 பாகை 51 கலையை ஒட்டியதே. அகலக்கோட்டில் ஒரு கலை சுமார் 1.84 கிலோமீற்றர் ஆகையால், இரு பகுதிகளும் ஏறத்தாழ நேர் வடக்குத் தெற்காக, 8 கிலோமீற்றர் இடைவெளியில் இருப்பதை வரைபடம் இன்றியே அறிந்துகொள்ளலாம். கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீற்றருக்கும் குறைவானது. பெட்டியின் இடம் அந்த நுட்பத்தில்தான் தரப்படுகின்றது.

இங்கே நாம் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுவது நல்லது. முதன்முறை கருவியைக் கையிலெடுத்த நாம் 6 பாகை 52 கலை என்பதை 6.52 பாகை என்றும், 79 பாகை 51 கலை என்பதை 79.51 பாகை என்றும் பதிந்துவிட்டோம். வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றிருந்த எம்மைக் கருவியின் அம்பு தென்மேற்கே, கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆழ்கடலுக்குப் போகச் சொன்னது. ஒரு பாகைக்கு 60 கலைகள் என்பதையும், 52 கலை என்பது 0.867 பாகை என்பதையும் அன்று கற்றோம். கருவி பொய் சொல்வதில்லை. நாம் கேட்ட கேள்விக்கே அது விடை தருகின்றது.

பழைய வரைபடங்களைப் பயன்படுத்துவோருக்கு மற்றுமோர் எச்சரிக்கை. எமது நில அளவைத் திணைக்களத்தின் முன்னைய வரைபடங்கள் கந்தவளையை ஆதாரமாகக் கொண்ட அளவை முறையில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். கருவியோ உலகப் பொது முறையைப் பின்பற்றுகின்றது. கருவியின் அமைப்பில் இதனைக் கவனியாது விட்டால் பல நூறு அடிகள் பிழைக்கும்.

அடுத்து, கருவியின் குணத்தை அறிய வேண்டும். திறந்த வானின் கீழ் அதன் பிழை ஐந்து மீற்றர் அளவினதே. மேற்கே தடையற்ற வானைக் கொண்ட மரைன் டிரைவ் வீதி பயிற்சிக்கு உகந்த இடமாகும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலோ சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் அம்பு தடுமாறும். காந்தத் திசையறி கருவி பொருத்தப்படாத எளிய கருவிகளில், நின்ற இடத்தில் நிற்கும்போது அம்பை நம்பவியலாது. சில அடிகள் நடந்தால்தான் அது திசையைச் சரியாகக் காட்டும். வீட்டு வாயிலின் இடத்தை மூன்று வெவ்வேறு நாட்களில் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கருவியை எவ்வளவு நம்பலாம் என்பதை அப்பயிற்சி கற்றுத்தரும். இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே இவ்வசதி இருப்பினும், மழையைத் தாங்குவதும் மாற்று மின்கலம் இட்டுத் தொடரக்கூடியதுமான தனிக் கருவிக்குக் காட்டிலும் கடலிலும் இன்னும் மதிப்புண்டு.

ஆனால் அம்பு நேர்கோட்டை மாத்திரமே அறியும். வெள்ளவத்தையில் வீதிக்கும் கடலுக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுவது அதற்குத் தெரியாது. அம்பைப் பார்த்தபடி தண்டவாளத்தில் நடப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். கடவையால் சென்று, இருபுறமும் பார்த்து, பின்னரே அம்பைப் பார்க்க வேண்டும்.

ஐந்து மீற்றர் வரை கருவி அழைத்துச் செல்லும். அதற்கப்பால் எமது கண்களும் எமது நடத்தையுமே துணை. கொட்டாஞ்சேனையில் ஒரு மாலைப்பொழுதில், கருவியும் கையுமாக ஒரு மதிலோரம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த எம்மைக் கடைவாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் கவனித்திருந்தார். இறுதியில் எழுந்து வந்து, "தம்பி, என்ன தேடுறீங்கள்? இந்த இடத்தில இப்படித் தேடினா ஆக்கள் பயப்படுவினம்" என்றார். அதில் கோபமில்லை, கவலையே இருந்தது.

அக்கவலை நியாயமானது. யுத்த காலத்தில் கேட்பாரற்ற ஒரு பொதியைக் கண்டால் பேருந்தே வெறுமையாகிவிடும். யுத்தம் 2009இல் முடிந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் நடந்த குண்டுவெடிப்பு அந்த அச்சத்தை மீண்டும் எழுப்பியது. தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு காலங்களில் சந்தேகப் பார்வையின் பாரத்தைச் சுமந்தவர்கள். ஆகவே விளையாட்டாக வைக்கும் ஒரு பெட்டி, அயலவருக்கு விளையாட்டாகத் தோன்றாது என்பதை மறத்தலாகாது.

இவ்விளையாட்டின் பொது விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றிப் பெட்டி வைத்தலாகாது. தோண்டிப் புதைத்தலாகாது. உணவு, மது, ஆயுதம், வெடிபொருள் எதையும் உள்ளே வைத்தலாகாது. ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீற்றர் இடைவெளி வேண்டும். இவற்றோடு எமது நாட்டுக்கென நாம் சிலவற்றைச் சேர்க்கலாம். வணக்கத்தலங்கள், பாடசாலைகள், துறைமுகம், பாலங்கள், பாதுகாப்பு நிலையங்கள் ஆகியவற்றின் அருகே எதையும் மறைக்க வேண்டாம். பெட்டியின் மேல் அது என்னவென்பதை மும்மொழியிலும் எழுதுங்கள். தொல்பொருள் இடங்களில் மண்ணைத் தொடவே வேண்டாம். அனுமதியற்ற அகழ்வு சட்டப்படி குற்றமாகும். வடக்கு, கிழக்கில் கண்ணிவெடி அபாயப் பலகை கண்ட இடத்தில், அம்பு எதைக் காட்டினாலும் திரும்பிவிடுங்கள். எவரேனும் கேட்டால் ஒளிக்காமல் கருவியைக் காட்டி விளக்குங்கள். கொட்டாஞ்சேனைப் பெரியவருக்கு நாம் அதையே செய்தோம். சற்று நேரத்தில் அவரும் எம்மோடு சேர்ந்து தேடத் தொடங்கிவிட்டார்.

இத்தனை கவனத்தோடு இதனைக் கற்பதால் என்ன பயன் எனக் கேட்கலாம். பாக்கு நீரிணையில் 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கையும், மன்னார் வளைகுடாவில் 1976ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் வகுத்த கடலெல்லை கண்ணுக்குத் தெரியாத கோடாகும். அதைத் தாண்டிவிட்டோமா என்பதை மீனவர் அறிவது இதே இலக்கங்களால்தான். பிரயாணத்தில் கிப்லாவின் திசையை அறிய விரும்பும் ஒருவர், மக்காவின் 21 பாகை 25 கலை வடக்கு, 39 பாகை 50 கலை கிழக்கு என்ற அமைவிடத்தைப் பதிந்தால் போதும். கொழும்பிலிருந்து அது சுமார் 4,600 கிலோமீற்றர் தொலைவில், நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே சாய்ந்திருப்பதைக் கருவி காட்டும். பாடசாலைப் புவியியலில் மனனம் செய்த அகலக்கோடும் நெடுங்கோடும் இவ்வாறு காலடியில் உயிர்பெறுவதைப் பிள்ளைகள் காண்பது பெரும் நன்மையாகும்.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்லுங்கள். முதற் பெட்டியை உங்கள் வீட்டு முற்றத்திலேயே மறைத்து, அயல்வீட்டுப் பிள்ளைகளையும் தேட அழையுங்கள். தூரத்தைக் கருவி கடந்து தரும். இறுதி ஐந்து மீற்றரை அயலவரின் நம்பிக்கையோடுதான் நாம் கடக்க வேண்டும்.