கடல் தாண்டி வந்தவர்களின் அம்மன்

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் வீட்டிற்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைத் தரிசித்துவிட்டுக் கிளம்பும்போது, "நடக்கிற தூரத்தில் பழைய சீனக் கோயில் ஒன்று இருக்கிறது. கூட்டிக்கொண்டு போய் விளக்கிச் சொல்லவும் ஆள் உண்டு" என்றார் மைத்துனர். சீனக் கோயிலில் நமக்கென்ன வேலை என்று அரைமனதோடுதான் போனேன்.

தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் அந்தக் கோயிலின் பெயர் தியான் ஹொக் கெங். விண்ணக மகிழ்ச்சியின் மாளிகை என்று பொருள். எங்களுக்கு வழிகாட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய சீன அம்மையார். வாசலிலேயே நிறுத்தி, "திரும்பிப் பாருங்கள், என்ன தெரிகிறது?" என்றார். வானளாவிய அலுவலகக் கட்டடங்கள்தான் தெரிந்தன. "அங்கேதான் கடல் இருந்தது" என்றார். 1880களில் கடலைத் தூர்க்கும் வரை இந்தத் தெருதான் கரை. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த ஹொக்கியன் மக்கள் இங்கேதான் இறங்கினார்கள். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கரையில் சிறு கூடம் ஒன்று எழுப்பி ஊதுவத்தி ஏற்றினார்கள். அதே இடத்தில் 1839இல் தொடங்கி 1842இல் முடித்ததுதான் இன்றைய கோயில். பொருள் கொடுத்து முன்னின்றவர்களில் முக்கியமானவர், மருத்துவமனை நிறுவிய டான் டொக் செங்.

நிலைப்படி முழங்கால் உயரம் இருக்கும். மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். தாண்டும்போது தலை தானாகக் குனிகிறது. அதற்காகத்தான் அந்த உயரம் என்கிறார்கள். உள்ளே முற்றம், நடுவே ஊதுவத்திக் கலயம், எதிரே கருவறை. மரச் சட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தே, ஆணி இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். தூலத்தைத் தோளில் தாங்கும் சிறு மனித உருவங்களில் சில இந்தியச் சாயலில் இருக்கின்றன. கட்டட வேலைக்கு நம்மவர்கள் உதவியதன் நினைவு என்று சொல்வதுண்டாம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், எனக்கு அடையாளம் தெரியவில்லை!

மூலவர் மாசு என்னும் கடல் தாய். பத்தாம் நூற்றாண்டில் ஃபூஜியன் கரையோரத்து மெய்ஜோ தீவில் லின் என்ற குடும்பத்தில் பிறந்த பெண். புயலில் சிக்கிய மீனவர்களைக் காப்பாற்றியவள் என்பது கதை. இளம் வயதிலேயே மறைந்தபின் தெய்வமானாள். நம் ஊரில் கன்னித் தெய்வங்கள் உருவான விதமும் இப்படித்தானே? அவளுக்குக் காவலர் இருவர்: ஒருவர் ஆயிரம் காதம் பார்க்கும் கண் உடையவர், மற்றவர் காற்றில் வரும் ஓசை அனைத்தும் கேட்கும் செவி உடையவர். 1840இல் சீனாவிலிருந்து வந்த அம்மன் சிலையை ஊர்வலமாக எடுத்து வந்தார்களாம். இது தாவோ சமயக் கோயில்தான். ஆனால் பின்கட்டில் பௌத்தரின் குவான் யின் இருக்கிறாள், கன்பூசியஸுக்கும் இடம் உண்டு. யாருக்கும் இதில் சங்கடம் இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பது போன்ற வழக்கம் அங்கும் உண்டு. பிறை வடிவில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. வேண்டிக்கொண்டு கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் வளைவு மேலே வந்தால் இல்லை. இரண்டும் தட்டை மேலே வந்தால் தெய்வம் சிரிக்கிறது, திரும்பக் கேட்க வேண்டும். என் மகள் போட்டதற்குச் சிரிப்புதான் விழுந்தது. என்ன கேட்டாள் என்று இன்று வரை சொல்லவில்லை.

என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. ஹொக்கியன் மக்களின் சங்கமும் இந்தக் கோயிலுக்குள்தான் வளர்ந்தது. புதிதாக வந்தவருக்குத் தங்க இடம், வேலை, வழக்குத் தீர்ப்பு, திருமணப் பதிவு எல்லாம் இங்கேதான். 1906இல் தாவ் நான் பள்ளியையும் அந்தச் சங்கமே தொடங்கியது. நம் சங்கத்திலும் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு இடம் தேடி அலைந்த கதை நினைவுக்கு வந்தது.

"உங்கள் பேரப்பிள்ளைகள் ஹொக்கியன் பேசுவார்களா?" என்று கேட்டேன். அந்த அம்மையார் சற்றுத் தயங்கினார். 1979இல் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு வீடுகளில் ஹொக்கியன் தேய்ந்துவிட்டது என்றார். "பேரனுக்கு மாண்டரின் தெரியும், ஆங்கிலம் தெரியும். நான் மாசுவிடம் வேண்டிக்கொள்வது என்னவென்று மட்டும் அவனுக்குப் புரியாது."

வெளியே வந்து அதே தெருவில் சில அடி நடந்தால் நாகூர் தர்கா. 1828 முதல் 1830 வரை, சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. நாகூர் ஆண்டவரும் கப்பலோட்டிகளைக் காப்பவர் அல்லவா! ஒரே கரையில் இறங்கிய இரு கூட்டத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது.

போகும் அன்பர்கள் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலையில் போவது நல்லது, மதிய வெயில் நம் சென்னையைத் தோற்கடிக்கும்.