கைம்முதலும் குடிக்கூலியும்

தமிழில் 'முதல்' என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். தொழிலில் இடும் பொருளையும் குறிக்கும். பிறரிடம் கடனாகப் பெறாது ஒருவர் தம் கையிலிருந்து இடும் பொருள் கைம்முதல் எனப்படும். வாடகைக்கு விடும் பொருட்டு முதன்முதலாக ஒரு வீடு வாங்க முற்படுவோர், கைம்முதல் எவ்வளவு வேண்டும், அதனை எங்கிருந்து திரட்டுவது என்னும் இரண்டையும் முன்னரே தெளிதல் வேண்டும். இதற்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனின் வரலாறு நல்ல பாடமாக விளங்குகின்றது.

19-ஆம் நூற்றாண்டிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கில் கொடுக்கல் வாங்கல் தொழிலில் நிலைபெற்றனர். பினாங்கு வீதியில் இருந்த அவர்தம் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பலர் பெட்டியடி வைத்துத் தொழில் நடத்தினர். ஐரோப்பிய வங்கிகள் சிறு வணிகர்க்கு எளிதில் கடன் தராத அக்காலத்தில், சொத்துப் பத்திரத்தை ஈடாகப் பெற்று அவர்கள் கடன் அளித்தனர். குடிக்கூலி ஒழுங்காக வந்தால் வட்டி கட்டலாம்; வாராவிடின் வட்டி மட்டும் வளரும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாவில் ஈடு வைக்கப்பட்ட சொத்துகள் பல, கடன் கொடுத்தோர் கைக்கு மாறின.

வாடகை வீட்டுக்காரர் விருப்பப்படியே அமையும் என்பதும் உறுதியன்று. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்தது. குடியிருந்தோர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆயினும், பழுது பார்க்கும் செலவுக்கும் வாடகை போதாமையால் வீடுகள் பல சிதைந்தன. 1997-இல் நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. வாடகை திடீரென உயர்ந்தது. நெடுங்காலம் குடியிருந்தோர் பலர் நகரை விட்டு வெளியேறினர்.

இனி, இக்காலக் கணக்கைக் காண்போம். மலேசியக் குடிமகன் ஒருவர் 4,00,000 வெள்ளி விலையுள்ள வீட்டை வாங்குவதாகவும், வங்கி நூற்றுக்கு 90 பங்கு கடன் தருவதாகவும் கொள்வோம். முன்பணம் 40,000 வெள்ளி. உரிமை மாற்றத்திற்கான முத்திரை வரி, முதல் ஓர் இலட்சத்திற்கு நூற்றுக்கு 1, எஞ்சிய மூன்று இலட்சத்திற்கு நூற்றுக்கு 2 என்னும் வீதத்தில் 7,000 வெள்ளி. கடன் பத்திரத்தின் முத்திரை வரி 1,800 வெள்ளி. வழக்குரைஞர் கட்டணம், 2023-இல் திருத்தப்பட்ட அளவுப்படி, விற்பனை ஒப்பந்தத்திற்கு 5,000, கடன் பத்திரத்திற்கு 4,500. ஆக 58,300 வெள்ளி. சேவை வரியும் பழுது பார்க்கும் செலவும் இதற்குப் புறம்பானவை. பத்து விழுக்காடு இருந்தால் போதும் என எண்ணுவோர் இடர்ப்படுவது இங்கேதான். முதல் வீடு வாங்குவோர்க்கு அரசு முத்திரை வரிவிலக்கு அளிப்பதுண்டு. அதற்குரிய விதிகளை முன்னரே அறிதல் நலம்.

இத்தொகையைத் திரட்டும் வழிகளுள் ஒன்று ஊழியர் சேமநிதி. அதன் ஒரு பகுதியைக் குடியிருப்பு வீடு வாங்குவதற்கு எடுக்க இயலும். ஆனால், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே விண்ணப்பிக்க வேண்டும் ஆதலின், முன்பணத்தை முதலில் வேறு வகையால் செலுத்துதல் வேண்டும். மேலும், அப்பணம் முதுமைக்கென வைத்தது என்பதையும் மறத்தலாகாது. குடிவருவோர் வழக்கமாகத் தரும் இரண்டு மாத வைப்புத்தொகை, திருப்பித் தரவேண்டிய பிறர் பொருள். அதனைக் கைம்முதலாக எண்ணுதல் தவறு.

முன்பணத்தையும் குறுகிய காலக் கடனாக வாங்குவோர், ஒரே குடிக்கூலியின்மேல் இரண்டு கடன்களை ஏற்றுகின்றனர். வீடு சில மாதம் வெற்றிடமாகக் கிடந்தாலும் தவணை நிற்பதில்லை. கைம்முதலோடு ஆறு மாதத் தவணைக்கேனும் சேமிப்பு உடையவரே அந்நாளிலும் தளராது நிற்பர். அஃது இல்லாதார் சில ஆண்டுகள் பொறுத்துச் சேர்த்தல் இழப்பன்று. அதுவே அவர்தம் முதல்.