தொட்டிலும் தனி ஊசலும்

பருத்தி எடுக்கும் நாட்களில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில், கரிசற்காட்டு ஓரத்து வேப்பங்கிளையில் சேலைத் தொட்டில் ஆடுவதைக் காணலாம். பிள்ளை வீரிட்டு அழுதால் அக்காமார் தொட்டிலைப் பலமாகத் தள்ளுவர். அது அதிக தூரம் போய் வருமே தவிர, நிமிடத்திற்கு இத்தனை ஆட்டம் என்ற கணக்கு அநேகமாக மாறுவதில்லை. நம்மில் பலர் தம்பி தங்கையரிடம் இதில் தோற்றவர்களே!

இதுவே தனிச்சீரிசை இயக்கம். நடுநிலையை விட்டு விலகிய பொருளை ஒரு விசை திரும்ப இழுக்கிறது. விலகல் இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். ஆகவே இருமடங்கு தூரத்தை இருமடங்கு வேகத்தில் கடந்து, அதே நேரத்தில் பொருள் வந்து சேர்கிறது. ஊசலில் இது சிறு வீச்சுக்கே பொருந்தும். செங்குத்திலிருந்து 60 பாகை இழுத்து விட்டால் அலைவு நேரம் நூற்றுக்கு ஏழு பங்கு நீண்டுவிடும். குண்டின் எடைக்கும் அலைவு நேரத்திற்கும் தொடர்பில்லை. நூலின் நீளமும் புவியின் ஈர்ப்புமே அதை முடிவு செய்கின்றன.

ஆய்வுக்கூடத்தில், குண்டின் நடுவரை 1 மீட்டர் வருமாறு நூல் கட்டி 20 அலைவுகள் எண்ணினோம். 38 விநாடிகள் ஆயின. வாய்பாட்டில் இட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 10.9 என வந்தது, புத்தகத்தில் 9.8. பதிவேட்டில் 40 என்று திருத்தி எழுதிவிட எங்களுள் சிலருக்கு ஆசை. சிஸ்டரோ, “வாய்விட்டு எண்ணுங்கள்” என்றார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. குண்டை விட்டவுடனேயே “ஒன்று” என்று தொடங்கியிருந்தோம்! எண்ணியது 20, நடந்தது 19. “சுழி” என்று தொடங்கி மறுபடி எண்ணினோம். 40 விநாடிகளும் சிறிதும் ஆயின.

இதே ஊசலைக் கொண்டு 1821-இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் அளந்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் அங்கே சுமார் 39.03 அங்குலம், இலண்டனில் 39.14. புவி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நம் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவை ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்காக ஊசல் காட்டிக் கொடுத்தது.