குரல் உயர்த்தாத மேலாளர்: பாப் பெய்ஸ்லியின் ஒன்பது பருவங்கள்

எந்த வீரரை வாங்குவது, எவரை விற்பது, ஆட்டநாளில் எந்தப் பதினொருவரை எந்தெந்த இடங்களில் நிறுத்துவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்து, வெற்றி தோல்வி இரண்டுக்கும் பொறுப்பேற்பவரையே இங்கிலாந்துக் கால்பந்து மரபு மேலாளர் என அழைத்தது. லிவர்பூல் கழகத்தில் 1974 முதல் 1983 வரை அப்பொறுப்பை வகித்த பாப் பெய்ஸ்லி, ஒன்பது பருவங்களில் ஆறு முறை லீக் பட்டத்தையும், மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையையும், மூன்று முறை லீக் கோப்பையையும், ஒரு முறை யூஃபா கோப்பையையும் வென்றார். லீக் பட்டம் என்பது 22 அணிகள் ஒன்றோடொன்று இருமுறை மோதி, ஒவ்வோர் அணியும் 42 ஆட்டங்கள் ஆடிய பின் புள்ளிகளின்படி முடிவாவது என்பதால், அதிர்ஷ்டத்தால் மட்டும் ஆறு முறை கைக்கு வரக்கூடியதன்று. இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்வடிவமான ஐரோப்பியக் கோப்பையை மூன்று முறை வென்ற முதல் மேலாளரும் அவரே. அந்த எண்ணிக்கையை ஒருவர் தாண்டுவதற்கு, கார்லோ அன்செலோட்டி நான்காம் முறை வென்ற 2022ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும், லிவர்பூலின் பெருமையைப் பேசுவோர் நாவில் முதலில் எழுவது பெரும்பாலும் பெய்ஸ்லியின் பெயரன்று, அவருக்கு முன்னவரான பில் ஷாங்க்லியின் பெயரே.

ஷாங்க்லியின் புகழில் குறை காண இடமில்லை. இரண்டாம் பிரிவில் கிடந்த அணியை 1962இல் முதற்பிரிவுக்கு உயர்த்தி, மூன்று லீக் பட்டங்களை வென்று, பேச்சாலும் பார்வையாலும் ஒரு நகரத்தையே தம்வசப்படுத்திய அவர் 1974 கோடையில் திடீரென விலகியபோது, 15 ஆண்டுகள் அவருக்குத் துணையாக இருந்த பெய்ஸ்லி அந்த இடத்துக்கு வரத் தயங்கினார். டர்ஹம் மாவட்டத்துச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் 1919இல் பிறந்த அவருக்கு மேடைப் பேச்சு வராது. வீரர்களிடமும் அரைகுறைச் சொற்றொடர்களில் பேசினார். ஷாங்க்லி கட்டிய அணியை அவர் வெறுமனே நடத்திச் சென்றார் என்ற கருத்து அங்கிருந்தே வேர்விட்டது.

அக்கருத்தைச் சோதிக்க 1981ஆம் ஆண்டு பாரிஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டை வென்ற அணியின் பட்டியல் போதும். இறுதியாட்டத்தைத் தொடங்கிய பதினொருவரில் கோல்காப்பாளர் ரே கிளெமன்ஸ், தடுப்பாளர் ஃபில் தாம்சன், நடுக்கள வீரர் ரே கென்னடி ஆகிய மூவர் மட்டுமே ஷாங்க்லி காலத்தில் கழகத்துக்கு வந்தவர்கள். அம்மூவரிலும் கென்னடி, அர்செனல் கழகத்திலிருந்து கோலடிக்கும் முன்கள வீரராக வந்தவர். அவ்விடத்தில் அவர் சோபிக்காததைக் கண்ட பெய்ஸ்லி, அவரை விற்றுவிடாமல் நடுக்களத்தின் இடப்புறத்துக்கு மாற்றினார். அதே இடத்தில் ஆடித்தான் கென்னடி இங்கிலாந்து தேசிய அணிக்குத் தேர்வானார்.

இத்தகைய கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றின் வளமான பகுதி. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றித் திரும்பி, 1947இல் லீக் பட்டம் வென்ற அணியில் ஆடியவர் அவர். 1950ஆம் ஆண்டு எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் கோல் அடித்தும் இறுதியாட்டத்தில் இடம் மறுக்கப்பட்டவர் என்பதால், ஒதுக்கப்படும் வீரரின் வலியை நேரில் அறிந்தவர். ஆட்டத்தை விட்டபின் காயங்களைக் குணப்படுத்தும் இயன்முறை மருத்துவம் பயின்று, பல ஆண்டுகள் வீரர்களின் முழங்காலையும் கணுக்காலையும் கையால் தொட்டுப் பார்த்தவர். ஒரு வீரர் நடந்து வரும் விதத்தைக் கொண்டே அவர் மறைக்கும் காயத்தை ஊகித்துவிடுவார் என்பது அவரோடு பணியாற்றியோர் அறிந்த செய்தி. கழகத்தின் சொந்த அரங்கான ஆன்ஃபீல்டில் காலணிகளை அடுக்கி வைக்கும் சிற்றறையில், ஜோ ஃபேகன், ரோனி மோரன் முதலிய உதவியாளர்களோடு அமர்ந்து, பயிற்சியில் நேர்ந்ததைக் குறிப்பேடுகளில் பதிந்து, மறுநாள் வேலையை முடிவு செய்வது அவர்கள் வழக்கம். உழவர் பயிரின் வாட்டத்தை இலை மடங்குமுன்னே அறிவதுபோல், ஒரு வீரரின் வேகம் குறையத் தொடங்குவதைப் பார்வையாளர் உணருமுன்பே பெய்ஸ்லி உணர்ந்து, அடுத்தவரைத் தயார் செய்து வைத்தார்.

அணியின் நாயகனான கெவின் கீகன் 1977இல் ஹாம்பர்க் கழகத்துக்கு 5 லட்சம் பவுண்டுக்குச் சென்றபோது, பெய்ஸ்லி கென்னி டால்கிளிஷை 4 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு வெம்ப்ளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஒரே கோலை அடித்தவர் டால்கிளிஷ். 1978–79 பருவத்தில் அந்த அணி 42 லீக் ஆட்டங்களில் 85 கோல்கள் அடித்து, வெறும் 16 கோல்களையே விட்டுக்கொடுத்தது.

அவரது அமைதி மென்மையன்று. 1981 டிசம்பர் இறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் சொந்த அரங்கில் 1–3 எனத் தோற்று அணி பன்னிரண்டாம் இடத்துக்குச் சரிந்தபோது, அவர் எவரையும் பழித்துப் பேட்டி கொடுக்கவில்லை. தலைமைப் பொறுப்பைத் தாம்சனிடமிருந்து கிரேம் சூனஸுக்கு மாற்றினார், இயன் ரஷ், ரோனி வீலன் போன்ற இளைஞர்களைக் களத்தில் நிலைக்கவிட்டார். மே மாதத்தில் பட்டம் லிவர்பூலுக்கே வந்தது. தாம்சனுக்கு அந்த முடிவு கசப்பாகவே இருந்தது; அக்கசப்பைத் தாங்கிக்கொள்வதும் மேலாளரின் வேலையே.

இத்தகைய உழைப்பு ரசிகர் கண்ணுக்கு எளிதில் படாது. ஆவேசமாகப் பேசி அணியை மீட்டெடுப்பவரைக் கூட்டம் கொண்டாடுகிறது. மீட்க வேண்டிய நிலையே பெரும்பாலும் வராமல் பார்த்துக்கொண்டவருக்கு அத்தகைய காட்சிகள் அமைவதில்லை. ஷாங்க்லிக்கு ஆன்ஃபீல்டில் 1997இல் சிலை எழுந்தது. பெய்ஸ்லியின் பெயரில் 1999இல் ஒரு வாயில் அமைந்தாலும், சிலைக்கு 2020 வரை காத்திருக்க நேர்ந்தது.

மரபுரிமையாகப் பெற்றதைக் கொண்டு வென்றார் என்ற அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தினால், அது பெய்ஸ்லிக்கு ஆதரவாகவே திரும்புகிறது. அவர் 1983இல் ஓய்வுபெற்ற பின் பொறுப்பேற்ற ஜோ ஃபேகன், முதல் பருவத்திலேயே லீக் பட்டம், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்றார். அது ஃபேகனுக்கு உரிய பெருமைதான். ஆனால் 1984 மே 30 அன்று ரோம் நகரில், ரோமா கழகத்தின் சொந்த மண்ணில் அந்த இறுதியாட்டத்தைத் தொடங்கிய லிவர்பூல் வீரர்கள் பதினொருவரும், ஒருவர்கூட விலக்கின்றி, பெய்ஸ்லி மேலாளராக இருந்த ஆண்டுகளில் கழகத்துக்கு வந்தவர்கள்.