ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் எது தொலையும்?

போன விடுமுறைக்கு தேவிபட்டினம் போயிருந்தேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை, புத்தகம் படிக்க முடிவதில்லை. அதனால் 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலை போனில் போட்டுக் கொடுத்தேன். என் பழக்கதோஷம், வேகத்தை 1.5 மடங்கில் வைத்துவிட்டேன். பத்தே நிமிஷத்தில் போன் திரும்பி வந்தது.

"என்னப்பா இது, யாரோ வெரட்டுன மாதிரி வாசிக்கிறாங்க. காதுக்குள்ள போகுது, மனசுக்குள்ள எறங்கல."

ஏன் இறங்கவில்லை என்று யோசித்ததில் மூன்று விஷயங்கள் பிடிபட்டன.

முதலாவது, வேகத்தை எதை வைத்து அளப்பது? ஆங்கில ஒலிநூல்களுக்கு நிமிடத்துக்கு 150 முதல் 160 சொற்கள் என்று ஒரு பொதுக்கணக்கு சொல்வார்கள். தமிழில் அது சரிப்படாது. 'பூ' ஒரு சொல், 'போய்க்கொண்டிருந்தான்' என்பதும் ஒரு சொல். நம்மிடம் இதைவிட நல்ல அளவுகோல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. இப்படி எண்ணினால் 'பூ' 2 மாத்திரை, 'போய்க்கொண்டிருந்தான்' 9½. வேகமாக வாசிக்கும்போது முதலில் அடிவாங்குவது நெடில்தான். நெடில் குறுகினால் சொல்லின் முகமே மாறிவிடும்.

இரண்டாவது, தமிழில் வினை கடைசியில் வருகிறது. "கடலுக்குப் போன மகன் விடிந்தும் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை." 'திரும்பி' என்பது வரைக்கும் அவன் வந்தானா இல்லையா என்று கேட்பவருக்குத் தெரியாது. மொத்த துக்கமும் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இல்லை' என்பது வினைக்கு முன்பே வந்துவிடும். ஆகவே வாக்கியத்தின் வாலை விழுங்கி வாசிப்பவர் தமிழில் கதையையே விழுங்கிவிடுகிறார்.

மூன்றாவது, மௌனம். 1.5 மடங்கில் ஒரு நொடி இடைவெளி சுமார் 0.67 நொடியாகச் சுருங்கும். சில செயலிகள் மௌனத்தை வெட்டியே எடுத்துவிடுகின்றன. புத்தகத்தில் கண் நின்றுகொள்ளும், பின்னாலும் போகும். காதுக்கு அந்த வசதி கிடையாது. கேட்டதை மனசில் படமாக்க அதற்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டுமே.

அப்படியானால் மெதுவாக, உருக்கமாக வாசித்தால் போதுமா? போதாது. பாம்பே கண்ணன் தயாரித்த ஒலிநூல்களில் பாத்திரத்துக்கு ஒரு குரல், நாடகம் போல. தீபிகா அருண் 'கதை ஓசை'யில் தனிக்குரலில் வாசிக்கிறார். தனிக்குரலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடிக்கப் போனால் கதைசொல்லி காணாமல் போய்விடுவார். அழவேண்டிய இடத்தில் வாசிப்பவரே அழுதுவிட்டால் கேட்பவருக்கு என்ன மிச்சம்? கல்கி 1950–54இல் வாரத் தொடராக எழுதிய கதை இது. அவரே அடிக்கடி வாசகரிடம் நேராகப் பேசுவார். அந்த இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரல் போதும்.

மறுநாள் வேகத்தை 0.9க்கு இறக்கி, கோடிக்கரையில் பூங்குழலி படகு விடும் பகுதியைப் போட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இந்தப் புள்ள துடுப்பு போடுற கை தெரியுதுப்பா" என்றார்.

நீங்களும் வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரே பக்கத்தை இரண்டு வேகத்தில் கேளுங்கள், அரைமணி கழித்து என்ன ஞாபகம் இருக்கிறது என்று எழுதுங்கள். தகவல் இரண்டிலும் தேறலாம். ஆட்கள் எதில் தேறுகிறார்கள் என்று பாருங்கள்.